போர்க்கால ஜீப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்: கவசத் தகடு பொருத்தலாமா?

உசிலம்பட்டிக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா போடிப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கு பார்த்தவர். தோட்டம் கைமாறியபோது அங்கே ஓடிக்கொண்டிருந்த ஜீப்பைத் தம் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொண்டார். இப்போது அது உசிலம்பட்டியை அடுத்த எங்கள் தோப்பில், தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பு வில்லிஸ் என்றும் ஆண்டு 1944 என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வண்டியைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. உள்ளே இருப்பது பியூஜோ டீசல் என்ஜின், ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கிறது, பின்புறம் இறக்கித் திறக்கும் கதவும் உண்டு.

இதை ஓய்வு நேர வேலையாக எடுத்துக்கொண்டு, ராணுவத்தில் இருந்த காலத்துத் தோற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம். இன்னோர் ஆசையும் இருக்கிறது. 1944ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆர்டென் காட்டுப் போரின்போது அமெரிக்கப் படையினர் சில ஜீப்புகளின் முன்புறத்தில் எஃகுத் தகடுகளை வெட்டிப் பொருத்தி, கண்ணாடிக்குப் பதிலாகப் பார்வைத் துளை மட்டும் விட்டு ஓட்டியிருக்கிறார்கள். அப்படியொரு கவச ஜீப்பாக இதை மாற்றினால் என்ன என்று தோன்றுகிறது. கப்பலூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பட்டறை வைத்திருக்கும் நண்பர் 10 மி.மீ. தகட்டில் செய்து தருவதாகச் சொல்கிறார்.

இது உண்மையிலேயே போர்க்கால வண்டிதானா என்பதை எப்படி உறுதிசெய்வது, கவசம் பொருத்துவது சரியா, ராணுவப் பச்சை அடித்துக்கொள்ளலாமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

போடிமெட்டு

தம்பி, ஆர்.சி.யில் வில்லிஸ் என்றிருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். போர்க்காலத்தில் இதே வண்டியை ஃபோர்டு நிறுவனமும் தயாரித்தது. இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. எங்கள் மலையில் எந்த ஜீப்பாக இருந்தாலும் வில்லிஸ் என்று எழுதிய பழைய புத்தகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பாடியை மறந்துவிட்டு, அதைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸைப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சட்டங்களையும் இணைக்கும் முன் கிராஸ் மெம்பர் உருண்டைக் குழாயாக இருந்தால் அது போர்க்கால வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ வடிவத்தில் இருந்தால் ஃபோர்டாக இருக்கலாம். ஆனால் போருக்குப் பின் வந்த பொதுமக்கள் ஜீப்புகளிலும் அந்த வடிவம் வருவதால், அதை மட்டும் நம்ப முடியாது. ஃபோர்டு என்றால் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில், என்ஜின் தாங்கிக்கு அருகே எண் குத்தப்பட்டிருக்கும். போல்ட்டுத் தலைகளிலும் சிறு உதிரிகளிலும்கூட ‘எஃப்’ எழுத்து இருக்கும். வில்லிஸில் எண், முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால் இடப்பக்கச் சட்டத்தின் உள்முகத்தில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். அந்த இடம் எப்போதும் சேறும் கிரீஸும் அப்பிக் கிடப்பதால், மண்ணெண்ணெயும் பித்தளைத் தூரிகையும் கொண்டு பொறுமையாகத் துடையுங்கள். கிரைண்டரைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

பாடியைப் பொறுத்தவரை, பின்கதவு இருக்கிறது என்றாலே அது போர்க்காலத் தகரம் அல்ல. போர்க்கால வண்டியின் பின்புறம் மூடியே இருக்கும். அதில் ஸ்டெப்னியும் எரிபொருள் கேனும் தொங்கும். முகப்பு விளக்குகள் கீலில் அமைந்திருக்கும். காது நட்டைத் தளர்த்தி விளக்கைப் பின்பக்கம் திருப்பினால் என்ஜின் மீது வெளிச்சம் விழும். இருட்டில் பழுது பார்ப்பதற்கான ஏற்பாடு அது. பெட்ரோல் டாங்கி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும். இவை ஒன்றும் இல்லையென்றால், உங்கள் வண்டியின் மேல்பாதி மஹிந்திராவாக இருக்க வாய்ப்பு அதிகம். தோட்டங்களில் பாடி துருப்பிடித்துப் போனால் கிடைத்ததைத் தூக்கி வைத்து ஓட்டுவார்கள்; சம்பளத்துக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு அதற்கு மேல் யார் பார்த்தார்கள்?

என்ஜினைப் பற்றி ஒரு சொல். அசல் என்ஜின் 2,199 சி.சி., 60 குதிரைத்திறன், வால்வுகள் பக்கவாட்டில் அமைந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அது கிடைக்காவிட்டாலும், பின்னால் வந்த பெட்ரோல் ஜீப்பின் கிராங்க், பேரிங் போன்ற கீழ்ப்பகுதி உதிரிகள் பெரும்பாலும் இதற்குப் பொருந்தும். இப்போது பங்க்குகளில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் சவ்வையும் கெடுத்துவிடும் என்பதால், அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

முன்னாள் இ.எம்.இ.

கவசத் தகடு பற்றி மட்டும் சொல்கிறேன். ஆசையைக் குறை சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள்.

10 மி.மீ. எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 78 கிலோ எடை. கண்ணாடி இருந்த இடம், ரேடியேட்டர் முகப்பு, ஓட்டுநரின் இரு பக்கமும் முழங்கால் உயரம் வரை என்று குறைவாகவே எடுத்துக்கொண்டாலும் 2 சதுர மீட்டர் ஆகிவிடும். அதாவது 157 கிலோ. அதைத் தாங்கும் ஆங்கிள், போல்ட்டு எல்லாம் தனி. இந்த ஜீப்பின் சுமைத்திறன் 800 பவுண்டு, நம் கணக்கில் 363 கிலோ. இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் மிச்சம் என்ன இருக்கும்? அதிலும் எடை முழுவதும் முன் அச்சின் மேலும், தரையிலிருந்து உயரத்திலும் போய் உட்காருகிறது. ஏற்கெனவே அசலைவிடக் கனமான டீசல் என்ஜினைச் சுமந்த முன் ஸ்பிரிங் பட்டைகள் அவை. பிரேக்கோ 9 அங்குல டிரம், ஒரே சுற்று. ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அந்த எடையோடு சமதளச் சாலையில் ஓட்டுவதே எனக்குச் சம்மதம் இல்லை. போடிமெட்டு இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மேலும், கப்பலூரில் கிடைக்கும் சாதாரண எஃகு கவசம் ஆகிவிடாது. கவச எஃகின் வலிமை அதன் கலவையிலும், சூடாக்கிக் குளிர்விக்கும் முறையிலும் இருக்கிறது. அதையே கேஸில் வெட்டினால் வெட்டிய ஓரம் தன் கடினத்தன்மையை இழந்துவிடும். கவச வண்டி என்பது தகடு போர்த்திய கார் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பிரிட்டனின் டைம்லர் நிறுவனம் 1950-களில் தயாரிக்கத் தொடங்கிய ஃபெரெட் வேவு வண்டிக்குத் தனியாக சேசிஸே கிடையாது. பற்றவைத்த கவசக் கூடுதான் அதன் உடல். சஸ்பென்ஷன் நேராக அந்தக் கூட்டிலேயே பூட்டப்பட்டிருக்கும். அது 3.7 டன் எடையுள்ள வண்டி. அந்த எடைக்கென்றே அதன் என்ஜினும் கியரும் பிரேக்கும் திட்டமிடப்பட்டன. கவச வண்டிகள்மீது உங்களுக்கு உண்மையான ஈடுபாடு இருந்தால், மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) 1994 முதல் இயங்கும் டாங்கி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் காரின்மேல் கட்டிய கவச வண்டி அங்கே இருக்கிறது. கார் ஒன்றைக் கவச வண்டியாக்க என்னென்ன செய்தார்கள் என்பதை அருகில் நின்று பார்க்கலாம்.

எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் வேறு. ஆர்டென் பெல்ஜியத்தில் இருக்கிறது. இந்தியாவில் தங்கிவிட்ட ஜீப், பெரும்பாலும் பர்மாப் போர்முனைக்காக இறக்கப்பட்ட வண்டியாகத்தான் இருக்கும். அதன்மேல் ஆர்டென் கவசத்தைப் பொருத்துவது, அடுத்தவர் வாங்கிய பதக்கத்தை நம் சட்டையில் குத்திக்கொள்வதைப் போன்றது. கண்காட்சிக்கு வேண்டும் என்றால் 18 கேஜ் (ஏறத்தாழ 1.2 மி.மீ.) தகரத்தில், கழற்றி மாட்டும்படி செய்துகொள்ளுங்கள். முழுவதும் சேர்த்து 20 கிலோவுக்குள் அடங்கும். சாலையில் எடுக்கும்போது வீட்டில் கழற்றி வைத்துவிடலாம்.

வடக்குமாசி வீதி வழக்கறிஞர்

ஐயா சொன்னது வண்டிக்கு. நான் சொல்வது காகிதத்துக்கு.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 121இன்படி பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. அசல் நிறம் அதுதான் என்ற வாதம் சாலையில் எடுபடாது. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் ராணுவப் பதிவெண்ணும் அப்படித்தான். அலங்காரத்துக்காகக்கூட அதை எழுத வேண்டாம். இயந்திரத் துப்பாக்கிக்கான தூணும் அதன்மேல் போலித் துப்பாக்கியும் வைத்துக்கொண்டு மதுரைக்குள் வருபவரை எந்த சோதனைச் சாவடியில் நிறுத்தினாலும் அது அவர்கள் தவறாகாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி எதையும் மாற்ற முடியாது. எனவே டீசலிலிருந்து பெட்ரோலுக்குத் திரும்புவதென்றால், என்ஜினை இறக்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். இப்போதைய டீசல் என்ஜின் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல தோட்ட வண்டிகளில் அது ஏறியிருக்காது. ஸ்டீயரிங்கை அசல்படி இடப்பக்கம் கொண்டுபோக விரும்பினால் 120ஆம் பிரிவு குறுக்கே வரும். விதித்தபடி இயங்கும் சைகைக் கருவி இல்லாமல் அப்படிப்பட்ட வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட முடியாது.

2021இல் வந்த பழம்பெரும் வாகனப் பதிவு உங்களுக்குப் பொருந்தலாம். முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம்; அன்றாடம் ஓட்ட முடியாது. டீசல் என்ஜினும் மாற்றுப் பாடியுமாக இப்போதுள்ள நிலையில் விண்ணப்பித்துப் பயனில்லை என்பது என் கருத்து.

உசிலம்பட்டிக்காரன்

மூவருக்கும் நன்றி. போடிமெட்டு அண்ணன் சொன்னபடி முன்புறத்தைத் துடைத்துப் பார்த்தேன். கிராஸ் மெம்பர் உருண்டைக் குழாய்தான். ஆனால் எண் தகடு இல்லை. அது இருந்த இடத்தில் ரிவெட் துளைகள் மட்டும் இருக்கின்றன. சற்றுப் பின்னால், சட்டத்தின் வெளிமுகத்தில் பின்னாளில் யாரோ கையால் குத்திய எண் ஒன்று இருக்கிறது. எழுத்துகள் கோணல் மாணலாக இருந்தாலும் ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போகிறது. டீசல் என்ஜினும் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறது.

தகட்டு வேலையைக் கைவிட்டுவிட்டேன். பாடிக்கு அடியில் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது ஒரு பக்கத் தரை அப்படியே உதிர்ந்து விழுந்தது. பாடியை இறக்கிவிட்டு சேசிஸை மணல் பீய்ச்சித் துரு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். சக்கரங்களில் இரண்டின் ரிம் மட்டும் இரண்டு பாதிகளாகச் சேர்த்து போல்ட்டு அடித்தது போல் இருக்கிறது. அவற்றையும் பிரிக்க வேண்டும்.

புதூர் டிங்கர்

சேசிஸுக்கு மட்டும் பீய்ச்சலாம். பாடித் தகரத்துக்கு வேண்டாம், அந்த வேகத்தில் தகரம் நெளிந்துவிடும். ஆற்று மணலால் பீய்ச்சினால் கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கிவிடும் என்பதால், மணலுக்குப் பதில் கார்னெட் என்ற கனிமத் துகளைப் போட்டு முகமூடியோடு செய்யும் இடமாகப் பாருங்கள். அதற்கு முன் கையால் குத்திய அந்த எண்ணின் மேல் கெட்டியான ரப்பர் ஒட்டி மறைத்துவிடுங்கள். அந்த எண் தேய்ந்தால் வண்டிக்கு அடையாளமே இல்லாமல் போகும். பீய்ச்சிய அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். துரு போனபின் ஸ்டீயரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடத்திலும் முன் ஸ்பிரிங் தாங்கிகளிலும் விரிசல் இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

அசல் போர்க்கால பாடியின் தரைக்கு அடியில் தொப்பி வடிவத் தகரச் சட்டங்கள் இருக்கும். அவற்றுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். மழை நீரைக் கட்டை குடித்துக்கொண்டு உள்ளிருந்தே தகரத்தைத் தின்றுவிடும். உங்கள் தரையிலிருந்து உதிர்ந்ததில் மக்கிய மரத்தூள் இருந்தால், பாடியின் கீழ்ப்பகுதியாவது பழையதாக இருக்க வாய்ப்பு உண்டு. அதைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். புதுச் சட்டம் மடிக்க அதுதான் அளவு.

பிரேக் டிரம்மைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் தூசைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஆயில் சீல்களுக்கு அலைய வேண்டியதில்லை. பழையதைக் கையோடு கொண்டுபோய்த் தண்டின் விட்டத்தையும் கூட்டின் விட்டத்தையும் அளந்து கேட்டால் மதுரையிலேயே பொருத்தமானது கிடைக்கும்.

இரண்டு பாதி ரிம் என்பது போர்க்கால ரிம்தான், விற்றுவிடாதீர்கள். ஆனால் டயரில் காற்று இருக்கும்போது அந்தப் பாதிகளைச் சேர்க்கும் நட்டுகளில் கைவைக்கவே கூடாது. ரிம் வெடித்துப் பிரிந்தால் எதிரில் நிற்பவர் பிழைக்க மாட்டார். வால்வை அழுத்தினால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் ஊசியையே கழற்றி, டயர் முழுவதும் தொய்ந்தபின் நட்டைத் தொடுங்கள். பஞ்சர் கடைக்குக் கொடுத்தால் கூடவே நின்று இதைச் சொல்லிவிடுங்கள். இந்த ரிம்மைப் பார்க்காத பையன்கள் சக்கரத்தின் நட்டு என்று நினைத்து ஸ்பேனரை மாட்டிவிடுவார்கள். டயர் அளவு 6.00-16. அதே அளவில் டிராக்டர் முன்சக்கர டயர் எல்லா ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் அது சாலை வேகத்துக்கு ஆகாது என்பதால், ஜீப்புக்கான டயர் என்றே கேட்டு வாங்குங்கள்.