பெண்ணின் ஆயுளும் 1946 கணக்கும்: ரீச்சர் பதில் சொல்லட்டும்

கல்லடிக் கிழவன்:
"பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் (குரோமோசோம்) இரண்டு, அதனால் ஆணைவிடக் கூட நாள் வாழ்கிறாள், கதை முடிந்தது" என்று அக்கரைப்பற்று ரீச்சர் நேற்று எழுதியிருந்தார். எங்கே முடிந்தது? 1946இல் இலங்கை ஆணின் சராசரி ஆயுள் 43.9, பெண்ணுக்கு 41.6. அப்போது எங்கள் அம்மம்மாமாருக்கு எத்தனை எக்ஸ், ரீச்சர்?

அக்கரைப்பற்று ரீச்சர்:
இரண்டுதான் ஐயா. பிள்ளைப்பேற்றில் தாய்மார் செத்த காலம் அது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், மற்றது வை (Y). அந்த எக்ஸில் பழுது வந்தால் ஈடுகட்ட இன்னொரு எக்ஸ் இல்லை. நிறக்குருடு ஆண்களில் அதிகம் இருப்பது அதனால்தான்.

கல்லடிக் கிழவன்:
நிறக்குருட்டால் செத்தவர் யார்? ஆயுளைக் கேட்டால் நிறத்தைச் சொல்கிறார். 1946க்கு வாருங்கள்.

திருக்கோவில் தம்பி:
எக்ஸும் வேண்டாம், வையும் வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் வந்து பாருங்கள். கசிப்பு, சிகரெட், ஹெல்மெட் இல்லாத மோட்டார் சைக்கிள். மூன்றும் ஆம்பிளைகளுக்குத்தான்.

அக்கரைப்பற்று ரீச்சர்:
பெண்சிங்கமும் ஆண்சிங்கத்தைவிடக் கூட நாள் வாழ்கிறது. ஆண்சிங்கம் எந்தத் தவறணையில் குடித்தது தம்பி? பறவைகளில் ஒரே மாதிரி நிறமூர்த்தம் இரண்டு இருப்பது ஆணுக்கு. அங்கே பல இனங்களில் ஆண்தான் நீடிக்கிறது.

கல்லடிக் கிழவன்:
எங்கள் வீட்டுச் சேவல் எதுவும் வருஷப்பிறப்பைத் தாண்டியதில்லை.

சம்மாந்துறை மச்சான்:
ஆண் ஓமோனையும் பாருங்கள். கொரிய அரண்மனையில் காயடிக்கப்பட்டு அந்த ஓமோன் குறைந்துபோன சேவகர்கள் மற்ற ஆண்களைவிட 14 முதல் 19 வருஷம் கூட வாழ்ந்தார்கள் என்று 2012இல் ஆய்வு வந்தது. ஐயா சம்மதித்தால் இங்கேயும் சோதித்துப் பார்க்கலாம்.

கல்லடிக் கிழவன்:
எனக்கு 74. இனிச் செய்து என்ன காணப் போகிறோம்? நீர்தானே போன மாதம் எருமைத் தயிருக்கு மட்டக்களப்பு இரண்டாம் இடம் என்று எழுதியவர்? அந்த நாக்கை நம்பி ஓமோன் பேசவா?

சம்மாந்துறை மச்சான்:
தயிரை இழுக்காதீர்கள். அன்று சட்டியோடு வந்து நிரூபிக்கச் சொன்னேன், நீங்கள்தான் வரவில்லை.

கொக்கட்டிச்சோலை அக்கா:
கூட வாழ்கிறோம் என்று எரிச்சல்படாதீர்கள். எலும்புத் தேய்வு எங்களுக்குத்தான் கூட. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் வந்த 10 பேரில் 9 பேர் பெண்கள். ஆயுள் வேறு, சுகம் வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவெடுங்கள்.

கல்லடிக் கிழவன்:
தங்கச்சி, அதற்குத் தனியாகத் திரி தொடங்குங்கள். இங்கே 1946.

அக்கரைப்பற்று ரீச்சர்:
1960களிலிருந்து பெண்தான் முன்னால். இப்போது ஆறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. பிரான்ஸில் 122 வயது வரை வாழ்ந்து 1997இல் இறந்த ஜான் கல்மோனும் பெண்தான்.

கல்லடிக் கிழவன்:
பார்த்தீர்களா! மருத்துவிச்சியும் ஆஸ்பத்திரியும் வந்த பிறகுதான் கூடியது. ஆயுளைக் கூட்டியது மருத்துவிச்சி. நிறமூர்த்தம் அப்படியே இருந்தது.

அக்கரைப்பற்று ரீச்சர்:
மதகு அடைத்திருந்தால் குளத்தில் தண்ணீரே இல்லை என்பீர்களா? மதகைத் திறந்தது மருத்துவிச்சி, தண்ணீர் முன்பே இருந்தது.

கல்லடிக் கிழவன்:
உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்தவனுக்கு மதகுப் பாடமா? நான் கேட்டது குளம் இல்லை. 43.9, 41.6.

திருக்கோவில் தம்பி:
ஐயா, மணி பதினொன்று. பிரஷர் குளிசை போட்டாச்சா?

கல்லடிக் கிழவன்:
அதை அவ எடுத்துத் தருவா. ரீச்சர், பதில் எங்கே?