வெஸ்ட் பிராமின் மூன்று கறுப்பின வீரர்கள்: நேரில் பார்த்தவர்களிடம் கேட்ட கதைகள்

வேலை விஷயமாக பர்மிங்காம் வந்த பிறகு, சாமான் வாங்க அடிக்கடி வெஸ்ட் பிராம்விச் போவேன். அங்கே ஊர் நடுவில் வெண்கலச் சிலையாக, அந்த ஊர் கால்பந்து கிளப்பான வெஸ்ட் பிராமில் எழுபதுகளின் இறுதியில் ஆடிய மூன்று கறுப்பின வீரர்கள்: சிரில் ரெஜிஸ், லாரி கன்னிங்காம், பிரெண்டன் பேட்சன். 2019இல் வைத்தது. நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். 1978 டிசம்பர் 30 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை வெஸ்ட் பிராம் 5-3 என்று அடித்த மேட்சுக்குப் போயிருந்தாராம். இவர்கள் காலுக்குப் பந்து போனாலே கூட்டம் ஊளையிட்டதாம். அன்றைக்கு ரெஜிஸும் கன்னிங்காமும் ஆளுக்கொரு கோல். "அடுத்த வருஷமே கன்னிங்காமை ரியல் மாட்ரிட் தூக்கிட்டுப் போயிட்டான்" என்று இன்னமும் அங்கலாய்க்கிறார். கிளம்பும்போது, "நானும் அப்படிக் கத்தினவன்தான், எதிர் டீம் கறுப்பு ஆளைப் பார்த்து" என்றார். நம்ம ஆளு மட்டும் நல்லவன் என்கிற இந்தக் கணக்கு நம்ம ஊரிலும் உண்டே.

*

தம்பி, உங்கட பதிவை வாசிச்சன். நான் எண்பதுகளில இங்க வந்தனான். கொவென்ட்ரியில பெற்றோல் ஸ்டேசனில வேலை. ரெஜிஸும் 84இல கொவென்ட்ரிக்கு வந்து, 87இல இங்கிலாந்துக் கழகங்களுக்கான எஃப்.ஏ. கிண்ணம் வெண்டவர். என்னோட நிண்ட ஜமேய்க்காப் பெடியனுக்கு அவர் எண்டா உயிர். அவன்ர பழைய வீடு ஹான்ட்ஸ்வேர்த்தில, வெஸ்ட் பிராம் மைதானத்துக்குக் கிட்ட. வெஸ்ட் பிராம் கோல் போட்டா குசினிக்குள்ள சத்தம் கேக்குமாம். ஆனா தகப்பன் ஒருநாளும் மைதானத்துக்குள்ள போகேல்லையாம், அடி விழும் எண்ட பயம். வயரிங் வேலை செய்துகொண்டு ஹேய்ஸ் எண்ட சின்னக் கழகத்தில விளையாடின ரெஜிஸை 1977இல வெஸ்ட் பிராம் 5,000 பவுணுக்கு எடுத்தது. அதுக்குப் பிறகுதான் அந்தத் தகப்பன் மகனையும் கூட்டிக்கொண்டு போனவராம். அப்பவும் வாசலுக்குக் கிட்ட நிண்டுதான் பாத்தவையாம், ஏதும் நடந்தா ஓட வசதியா.

1982இல இங்கிலாந்து அணிக்கு எடுத்த நேரம் ரெஜிஸுக்குத் தபாலில துப்பாக்கிச் சன்னம் வந்தது தெரியும்தானே? இங்கிலாந்து அணி விளையாடுற வெம்பிளி மைதானத்தில கால் வைக்காதே எண்ட மிரட்டல். அவர் போய் விளையாடினவர்.

*

அண்ணா, உங்க பதிவில் அப்போதைய வெஸ்ட் பிராம் மேனேஜர் ரான் அட்கின்சனை விட்டுட்டீங்களே! மூணு பேரையும் ஒரே டீமில் ஆட விட்டவர், "த்ரீ டிகிரீஸ்" என்று பாட்டுக்குழுப் பெயரை வைத்தவர். அதே ஆள் 2004இல் மைக் அணைந்துவிட்டது என்ற நினைப்பில் மார்செல் டெசைலி என்ற கறுப்பின வீரரை இனவெறியோடு திட்டி, ஐடிவி சேனலில் வர்ணனையாளர் வேலையை விட வேண்டியதானது. என்னோடு வேலை பார்க்கும் கறுப்பின நண்பர் ஒருவர் பரம்பரை வெஸ்ட் பிராம் ரசிகர். அட்கின்சன் பெயரை எடுத்தால் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் இன்றைக்கும் சண்டைதான்.

1979 மே மாதம் வெஸ்ட் பிராம் வீரர் லென் கேன்டெல்லோவைக் கௌரவிக்கும் ஆட்டத்தில் வெள்ளையர் அணி ஒரு பக்கம், கறுப்பர் அணி ஒரு பக்கம் என்று ஆடினார்களே, அதைப் பார்த்தவர் யாராவது உங்களுக்குப் பழக்கமா? கறுப்பர் அணி 3-2 ஜெயித்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது, அன்றைக்கு எப்படி இருந்ததோ. கேட்டு எழுதுங்க.