ஆலன் வேக்: மூன்றாவது எபிசோடில் நின்றுவிட்டேன், சூழலுக்காகவே முடிக்கலாமா?

காலிவீதி_கேமர் (வெள்ளவத்தை)

வணக்கம். ஆலன் வேக் என்ற திகில் கேம் பற்றிக் கேட்க வேண்டும். 2023ல் வந்த இரண்டாம் பாகம் இல்லை, 2010ல் எக்ஸ்பொக்ஸ் 360க்கு வந்து 2012ல் கணினிக்கும் வந்த முதலாவது. போன மாதம் ஸ்டீம் இணையக் கடையின் சேலில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். முதல் இரண்டு எபிசோடையும் ஒரே இருப்பில் முடித்துவிட்டுப் பார்த்தால் விடியப்புறம் மூன்று மணி. அந்தக் காட்டை என்னவென்று சொல்வது! தூரத்தில் பெற்றோல் நிலையத்தின் விளக்கு ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிகிறது, அதற்கும் எனக்கும் இடையில் முழுக்க மரங்கள், திடீரென்று காற்று மாறுகிறது, எல்லா மரமும் ஒரு பக்கம் சாய்கிறது, நிலத்தோடு ஒட்டிப் புகை மாதிரி ஏதோ ஓடுகிறது. சரியாக அந்த நேரம் எங்கள் வீட்டுக் குசினிக் கதவு கடல்காற்றில் படாரென்று அடிக்க, நானும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சியும் ஒன்றாக எழும்பி நின்றுவிட்டோம்.

இப்போது மூன்றாவது எபிசோடில் சுரங்க அருங்காட்சியகத்தில் நிற்கிறேன், நின்று இரண்டு வாரம். அலுத்துவிட்டது. டோர்ச்சை எதிரியின்மேல் பிடிக்க வேண்டும், அவனை மூடியிருக்கும் இருள் எரிந்து போகும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு சுட வேண்டும். மூன்று பேர் முடிந்ததும் விளக்குக்கம்பத்தின் கீழே ஓடிப்போய் நிற்க வேண்டும், பற்றரி பொறுக்க வேண்டும், அடுத்த வளைவில் இன்னும் மூன்று பேர். கோடரி வைத்திருப்பவன், அரிவாள் வைத்திருப்பவன், வேகமாக ஓடுகிறவன், பெரிய உடம்புக்காரன், இவ்வளவுதான். ஜெனரேட்டரைக் கண்டால் அதே பட்டனை அதே தாளத்தில் அமத்த வேண்டும்.

கதை பிடித்திருக்கிறது. கதாநாயகன் எழுத்தாளன் ஆலனின் மனைவி அலிஸ் ஏரிக்குள் எப்படிப் போனாள், எழுதியதே நினைவில் இல்லாத நாவலின் பக்கங்கள் ஏன் காடு முழுக்கக் கிடக்கின்றன என்று தெரியாமல் விடவும் மனமில்லை. ஆனால் சண்டை என்று வந்தால் கை தானாக வேலை செய்கிறது, பயம் போய்விட்டது. மிச்ச மூன்று எபிசோடும் இப்படியேதானா? முடித்தவர்கள் சொல்லுங்கள், கதையை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

மெழுகுதிரி (கொட்டாஞ்சேனை)

தம்பி, விடாதீர்கள், முடியுங்கள். ஆனால் ஒரே இருப்பில் இரண்டு எபிசோட் போகிறதை நிறுத்துங்கள், உங்களுக்கு அலுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன்.

நான் இதை விளையாடியது 2022ல். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில். என்னுடைய பழைய மடிக்கணினியில் கேம் ஓடினால் பற்றரி ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. ஆகவே ஒரு சார்ஜுக்கு ஒரு எபிசோட், அதுவும் சில நாள் பாதியில் நிற்கும். வேறு வழியில்லாமல் அப்படி விளையாடியதில்தான் இதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று விளங்கியது. ஆறு எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு திடுக்கத்தில் முடிகிறது, பாட்டுப் போகிறது, அடுத்தது தொடங்கும்போது முன்கதைச் சுருக்கம் ஓடுகிறது. தொலைக்காட்சித் தொடர் மாதிரி நாளுக்கொன்று பார்க்கவென்றே செய்தது. இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் நேற்றுத் தின்றதையே இன்றைக்கும் தின்ற மாதிரி இருக்கும், இடையில் ஒரு நாள் விட்டால் அந்த இருட்டுக்குத் திரும்பிப் போகவே ஒரு தயக்கம் வரும். அந்தத் தயக்கம்தான் வேண்டும்.

ஒரு இரவு எபிசோட் முடிந்த கையோடு மடிக்கணினி அணைந்துவிட்டது. வீட்டில் பாண் இல்லை. நாலாம் மாடியிலிருந்து படியில் இறங்க வேண்டும், லிப்ட் வேலை செய்யாது, கையில் போன் லைட் மட்டும், அதிலும் கொஞ்சம்தான் சார்ஜ். ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் லைட்டை மூலைக்குள் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தேன். தெருவில் இறங்கினால் சந்தி முழுக்க இருட்டு, ஒரு கடையில் மட்டும் ஜெனரேட்டர் போட்டு வெளிச்சம் ரோட்டில் ஒரு சதுரமாக விழுந்திருந்தது. பாணை வாங்கிய பிறகும் அந்தச் சதுரத்துக்குள் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். திரும்பி இருட்டுக்குள் கால் வைக்க மனம் வரவில்லை.

அந்தக் கேம் எனக்குத் தந்தது அதைத்தான். சுடுகிறது எல்லாம் ஒரே மாதிரித்தான், அதில் விவாதமே இல்லை. ஆனால் வெளிச்சத்தை விட்டு வெளியே போகிற அந்த ஒரு அடி எனக்கு ஒருநாளும் பழகவில்லை. லாந்தரைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்க பல்ப் மாற்றிக்கொண்டு திரிகிற சிந்தியா வீவர் என்ற கிழவியைப் பார்த்திருப்பீர்கள், ஊரே அவளைப் பைத்தியம் என்கிறது. அவளைக் கவனித்துக்கொண்டு போங்கள். வேறு ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தெஹிவளை_நானா

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரண்ட் கட் நேரம் விளையாடினால் எந்தக் கேமும் பயமாகத்தான் இருக்கும், அது கேமுடைய கெட்டித்தனம் இல்லை. நானும் முடித்தேன், 2021ல் வந்த ரீமாஸ்டர், அதே கேமின் மெருகேற்றிய பதிப்பு. படம் தெளிவு, பழையதில் கண்ணை உறுத்திய பற்றரிக் கம்பனி விளம்பரத்தையும் எடுத்துவிட்டார்கள், ஆனால் சண்டை அதே சண்டைதான்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது எனக்குப் பிரச்சினை இல்லை. ஏலியன் ஐசொலேஷனை எடுங்கள், 2014ல் வந்தது, ஒரு வேற்றுக்கிரக மிருகத்திடமிருந்து தப்புகிற கேம். அதில் என்ன செய்கிறோம்? ஒளிகிறோம், அசைவைக் காட்டுகிற மோஷன் ட்ரக்கரைப் பார்க்கிறோம், ஊர்ந்து போகிறோம், மறுபடி ஒளிகிறோம். ஆலன் வேக்கை விட நீளம், திரும்பத் திரும்ப வருவதும் அதில்தான் கூட. ஆனாலும் பயம் குறையவில்லை, ஏனென்றால் அந்த மிருகத்தைக் கொல்லவும் முடியாது, அடுத்தது எங்கிருந்து வரும் என்று கணிக்கவும் முடியாது. சேவ் பண்ணுவதென்றால்கூட அட்டையைச் செருகிவிட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அதற்குள் பின்னால் வந்து கொன்றுவிடும். எத்தனை தரம் செய்தாலும் நெஞ்சு அடிக்கும்.

ஆலன் வேக் தன் பயத்தைத் தானே கொல்கிறது. எதிரி வரும்போது கமரா தானாகத் திரும்பி, நேரத்தை மெதுவாக்கி, இதோ வருகிறார்கள் என்று காட்டிக்கொடுக்கிறது. முதல் தரம் அழகாக இருந்தது, அதற்குப் பிறகு எனக்கு அது பள்ளிக்கூட மணி மாதிரி. மணி அடித்ததா, சண்டை. மணி இல்லையா, பயப்படத் தேவையில்லை, சும்மா நட. அப்படியென்றால் அவ்வளவு பாடுபட்டுச் செய்த காட்டுக்கு என்ன வேலை? ஓடிப்போய் வெளிச்சத்துக்குள் நுழைந்ததும் காயமும் ஆறிவிடுகிறது. டோர்ச் பற்றரியும் அழுத்திப் பிடிக்காமல் விட்டால் மெதுவாகத் தானே ஏறிக்கொள்கிறது. தட்டுப்பாடு வருகிறதென்றால் எபிசோட் மாறும்போது கையிலிருக்கும் துவக்கையும் குண்டையும் கேமே பறித்துக்கொள்வதால்தான், நான் கவனமில்லாமல் செலவழித்ததால் இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

சூழல் மிகவும் நல்லது, அந்த ஏரியும் மலையும் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. ஆனால் சூழல் சண்டையை வெல்லவில்லை. நல்ல வீட்டில் மோசமான தளபாடம்.

ஒலிப்பதிவுக்காரி (பம்பலப்பிட்டி)

நானா சொன்ன கமரா விஷயம் நூறு வீதம் சரி, ஆனால் முடிவில் உங்களோடு உடன்பட முடியவில்லை. நான் குறும்படங்களுக்கு ஒலி வேலை செய்கிறேன், அதனால் காதால்தான் இந்தக் கேமை விளையாடினேன். தம்பி ஸ்பீக்கரில் விளையாடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், தங்கச்சியும் கூட இருக்கிறா என்றீர்களே. ஒரு எபிசோடாவது ஹெட்போன் போட்டுப் பாருங்கள்.

இருள் பிடித்த அந்த மனிதர்கள் கத்துவதை வடிவாகக் கேட்டீர்களா? அவர்கள் உறுமுவதில்லை, மிரட்டுவதும் குறைவு. உயிரோடு இருந்தபோது பேசிய சாதாரணக் கதைதான் உடைந்த குரலில் வருகிறது. முதல் எபிசோடில் வருகிற ஸ்டக்கி, பெற்றோல் நிலையக்காரர், கோடரியோடு வரும்போதும் தன் தொழில் கதையைத்தான் கதைக்கிறார். இன்னொருவன் ஒமேகா 3 கொழுப்பு இதயத்துக்கு நல்லது என்று கத்திக்கொண்டு வெட்ட வருகிறான். எனக்கு அது அரிவாளை விடப் பயம். ஒரு மனிதன் முழுக்கக் கரைந்து, அவன் வாயில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி வாக்கியம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. எல்லாச் சண்டையும் ஒன்றுதான், ஆனால் யாரைச் சுடுகிறேன் என்பது ஒவ்வொரு தரமும் வேறாக இருந்தது.

அப்புறம் காடு ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்தக் கேமைச் செய்த பின்லாந்தின் ரெமெடி நிறுவனம் இதை 2005ல் அறிவித்தபோது ஊர் முழுக்க இஷ்டப்படி சுற்றித் திரிகிற கேமாகத்தான் திட்டம். அது சரிவரவில்லை, கதைக்கு அழுத்தம் வரவில்லை என்று, பிறகு நேர்ப்பாதையாக மாற்றினார்கள். தூரத்தில் ஒரு விளக்கைக் காட்டி, அரை மணித்தியாலம் கழித்து நம்மை அதன் கீழேயே கொண்டுபோய் நிறுத்துவது எனக்கு அந்தப் பழைய திட்டத்தின் மிச்சமாகத்தான் தெரிகிறது. நடந்து வந்த தூரம் காலுக்குத் தெரிகிறது. அதே காரணத்தால்தான் ஒரே காட்டுப்பாதை, ஒரே பலகை வீடு என்று திரும்பத் திரும்ப வருவது போலவும் இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

திரும்பச் செய்வதைப் பற்றிக் கதைக்கிறோம் என்றால் 2012ல் வந்த சின்னத் தொடர்ச்சியை, அமெரிக்கன் நைட்மேரைச் சொல்லாமல் விட முடியாது. அதில் ஒரே மூன்று இடங்களுக்கு மூன்று தரம் போக வேண்டும், நேரம் சுழல்கிறது என்பதே கதை. போகிற ஒவ்வொரு தரமும் ஆலனுக்கும் அங்கே இருப்பவர்களுக்கும் போன தரம் நடந்தது தெரியும், அதனால் வேலை குறுகிக்கொண்டு போகும். சண்டை அதில் இன்னும் நன்றாக இருக்கிறது, ஆனால் பயம் போய்விட்டது. எனக்கு முதல் கேமில் மனதில் நிற்கிறது சண்டை இல்லாத இடங்கள்தான். ஒரு பக்கத்தைக் கண்டெடுக்கிறேன், இனி நடக்கப்போவது அதில் எழுதியிருக்கிறது, வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தால் அந்தப் பாதை முன்னால் கிடக்கிறது. அது நடக்கும் என்று தெரிந்துகொண்டே போக வேண்டும். நானா சொன்ன மணியை விட இது வேறு, மணி சண்டையைத்தான் சொல்கிறது, பக்கம் விதியைச் சொல்கிறது.

தம்பி, நாலாவது எபிசோட் வேறு மாதிரித் தொடங்கும். பழைய இசைக்காரக் கிழவர்களான அண்டர்சன் சகோதரர்களின் பண்ணைக்குப் போகும்வரை மட்டுமாவது விளையாடுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் நானா பக்கம் போங்கள்.

தெஹிவளை_நானா

பண்ணையை நான் மறந்துவிட்டேன், அதை ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. அந்த ஒரு சண்டைக்காக நான் பழைய சேவைத் திறந்து மூன்று தரம் விளையாடியிருக்கிறேன். எல்லாச் சண்டையையும் அப்படிச் செய்திருக்கலாமே என்பதுதான் என் கவலை.

காலிவீதி_கேமர் (வெள்ளவத்தை)

நாலு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, அக்காவுக்கும் மெழுகுதிரி அண்ணாவுக்கும் கூடுதலாக.

சுரங்கத்தைக் கடப்பது கஷ்டமாகத்தான் இருந்தது, நானா சொன்ன மணி அங்கே ஓயாமல் அடிக்கிறது, அந்தப் பகுதியைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அண்ணா சொன்னபடி மூன்றாவதை முடித்ததும் அணைத்துவிட்டு ஒரு நாள் விட்டேன். அடுத்த இரவு அறை விளக்கையும் அணைத்து, ஹெட்போனில் ஆளுக்கொரு பக்கம் போட்டுக்கொண்டு நானும் தங்கச்சியும் நாலாவதைத் தொடங்கினோம். தொடக்கத்தில் ஒரு மருத்துவரின் விடுதியில் கொஞ்ச நேரம் கையில் ஆயுதமே இல்லை, யார் சொல்வது உண்மை என்றும் தெரியவில்லை, டோர்ச்சுக்கு ஏங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? இரண்டு வாரம் அதை வெறுத்துக்கொண்டு இருந்தவன்.

பிறகு பண்ணை. வயலுக்கு நடுவில் அந்த மேடை, ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெற்று அந்தக் கிழட்டுச் சகோதரர்களின் பாட்டு வெடிக்க, நாலா பக்கத்திலிருந்தும் இருள் ஏறி வருகிறது. செய்தது அதே வேலைதான், டோர்ச் அடித்தேன், சுட்டேன், ரீலோட் பட்டனைத் தட்டித் தட்டி விரல் நோகிறது. ஆனால் வாணமும் மேடை விளக்கும் என் பக்கம் நிற்க, மூன்று எபிசோடாகப் பயந்து பயந்து ஓடியதற்கெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. தங்கச்சி கட்டிலில் ஏறி நின்றுவிட்டாள். முந்தியது அவ்வளவு ஒரே மாதிரி இல்லாமல் இருந்திருந்தால் இது இப்படி இருந்திருக்குமா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாட்டைப் பற்றித் தேடிப் பார்த்தேன், கேமுக்குள் அது அந்தச் சகோதரர்களின் இசைக்குழு, பாடியது போயட்ஸ் ஒஃப் த ஃபோல் என்ற பின்லாந்துக் குழுவாம். பாட்டு உரிமை காலாவதியானதால் 2017ல் இந்தக் கேமையே கொஞ்சக் காலம் கடைகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள், அடுத்த வருடம்தான் திரும்ப வந்திருக்கிறது. பாட்டுகள் இல்லாமல் விற்பதை விட அது நல்லதுதான்.

இன்றிரவு ஐந்தாவது. தங்கச்சிக்கு ரியூஷன் முடிய எட்டரை ஆகும், தான் வரும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.