அம்மாவின் அஸ்தி: அனுமதி யாரிடம் கேட்பது?

வணக்கம். சிங்கப்பூரின் சுவா சூ காங் கத்தோலிக்கக் கல்லறையில் அம்மாவை அடக்கம் செய்து, இங்கே அடக்கத்துக்கு அனுமதிக்கப்படும் 15 ஆண்டுத் தவணை முடிந்துவிட்டது. அடுத்த மாதம் தோண்டியெடுத்துத் தகனம் செய்வார்கள். ஆலய அஸ்தி மாடத்தில் இடம் கிடைத்துவிட்டது.

கவலை அப்பாவைப் பற்றித்தான். கல்லறைத் திருநாள் மட்டுமல்ல, நினைத்தபோதெல்லாம் அங்கே போய் அம்மாவிடம் பேசிக்கொண்டிருப்பார். இப்போது கொஞ்சம் அஸ்தியாவது வீட்டில் இருக்கணும் என்கிறார். 2016 வத்திக்கான் அறிவுரைப்படி அஸ்தியைக் குடும்பத்தினர் பங்கிடக் கூடாது. வீட்டில் வைப்பதும் பொதுவாகக் கூடாது. ஆனால் 2023 டிசம்பரில் வந்த குறிப்பு, இறந்தவரின் வாழ்வோடு தொடர்புள்ள ஓர் இடத்தில் மிகச் சிறு பகுதியை வைக்கத் திருச்சபை அதிகாரியிடம் கேட்கலாம் என்கிறது.

பங்குத்தந்தையிடம் பேசினேன். புனிதர்களின் சமூக உறவை, அதாவது உயிரோடிருப்பவர்களும் இறந்தவர்களும் கிறிஸ்துவில் ஒன்றாயிருப்பதைச் சாவு அறுப்பதில்லை, ஒவ்வொரு திருப்பலியிலும் அம்மா நம்மோடுதான் என்றார். நான் அதை முழுமனதாக நம்புகிறேன், ஆனால் அப்பாவின் மனம் ஆறவில்லை. பங்கு அலுவலகத்தில் கேட்டால், இப்படி ஒரு விண்ணப்பம் வந்ததே இல்லையாம். அப்புறம் வேறு ஆலயங்களிலும் விசாரித்தேன், தெளிவான பதில் இல்லை.

சிங்கப்பூரில் இந்த அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள் யாராவது இருந்தால், யாருக்கு எழுதினீர்கள் என்று சொல்ல முடியுமா?