ஃபாரஸ்ட் ஆபரேஷன்ஸ் படிச்சவங்க இருந்தா கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் யுனிவர்சிட்டில ஃபாரஸ்ட் ஆபரேஷன்ஸ் படிக்கிறேன், அதாவது காட்டுல எந்த மரத்த எப்படி வெட்டி எந்த வழியா ரோட்டுக்குக் கொண்டு வர்றதுன்னு திட்டம் போடுற படிப்பு. 1.3 மீட்டர் உயரத்துல விட்டம் எடுக்குறது, கட்டையோட ரெண்டு முனைப் பரப்பையும் கூட்டிப் பாதியாக்கி நீளத்தால பெருக்கிக் கன அளவு கண்டுபிடிக்குற ஸ்மேலியன் ஃபார்முலா, இதெல்லாம் ஓகே. செங்குத்தான சரிவுல கேபிள் கட்டி மரத்த இழுக்குற ஸ்கைலைன் கணக்குதான் பிடிபடவே மாட்டேங்குது. தொய்வு குறைஞ்சா இழுவிசை எகிறும்னு தெரியுது, ஆனா கட்டை தரைல ரொம்ப உரசாம இருக்கணும், கேபிளும் தாங்கணும், ரெண்டையும் பாத்து எவ்ளோ எடை ஏத்தலாம்னு எப்படிங்க முடிவு பண்றது? கான்டூர் மேப்ல இருந்து, அதாவது ஒரே உயரத்துல இருக்குற இடங்கள கோடு போட்டு இணைச்ச மேப்ல இருந்து, சரிவோட ப்ரொஃபைல், அதாவது பக்கவாட்டுத் தோற்றம் வரையும்போதும் நடுவுல வர்ற சின்ன மேட்ட விட்டுட்டா மொத்தக் கணக்கும் தப்பாயிடுது.

ஈர மண்ணுல கனமான மெஷின் ஏறினா மண்ணு இறுகி அப்புறம் கன்னுங்க வேர் விடவே கஷ்டப்படும், அதனாலயே இந்தப் பாடத்த ஒழுங்கா கத்துக்கணும்னு ரொம்ப ஆசை. கையால போட்டுப் பாத்த கணக்கு, நல்ல புத்தகம் எது இருந்தாலும் சொல்லுங்க. ஃபீல்டுல கேபிள் டீமோட வேலை பாத்தவங்க இருந்தா கண்டிப்பா கமென்ட் பண்ணுங்க.