250 ஓம் ஹெட்போனுக்கு எத்தனை மில்லிவாட் ஆம்ப் வேண்டும்?

புதுக்காது:
பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் மாடல், போன மாதம் வாங்கினேன். லேப்டாப்பில் நேராகச் செருகினால் புதுப் பாடல்கள் பரவாயில்லை, ஆனால் பழைய கச்சேரிப் பதிவு போட்டால் வால்யூம் 100-இல் இருந்தும் ஆலாபனை பக்கத்து வீட்டில் நடக்கிற மாதிரி இருக்கிறது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம் என்று பார்த்தால் ஒன்றில் 1000 மில்லிவாட், இன்னொன்றில் 2000. எனக்கு எவ்வளவு தேவை?

ஈயப்பற்று:
அந்தப் பெரிய எண்கள் பெரும்பாலும் 32 ஓமில் அளந்தவை, 250 ஓமில் அவ்வளவு வராது, விடுங்கள். உங்களுக்கு வேண்டியது வோல்ட். இந்த ஹெட்போன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும், 250 ஓமில் அதற்கு 0.5 வோல்ட் போதும். லேப்டாப் ஜாக் 1 வோல்ட் தருவதாக வைத்துக்கொண்டால் உச்சம் 102 டெசிபல். நிறையத்தான், ஆனால் கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனத்தின் ஒரு அடிக்காக மொத்தத்தையும் தாழ்த்தி வைத்திருப்பார்கள், ஆலாபனை அதைவிட 20, 25 டெசிபல் கீழே கிடக்கும். உச்சம் 110-க்குப் போக 2.5 வோல்ட், அதாவது வெறும் 25 மில்லிவாட். 250 ஓமில் என்ன தரும் என்று போட்டிருக்கிற ஆம்பாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம், இந்த மாடலில் 'ச', 'ஷ' வரும்போது காதில் குத்தினால், அதை எந்த ஆம்பும் சரிசெய்யாது. அது ஹெட்போனின் குணம், ஈக்வலைசரில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைக்க வேண்டியதுதான்.

மாடிவீடு:
ஆம்ப் வந்த அன்று லேப்டாப் சார்ஜரைப் போட்டதும் எனக்கு ஒரே ரீங்காரம். பிடுங்கினால் நின்றுவிடும். ஆம்ப் பழுது என்று கடைக்காரரோடு சண்டை வேறு போட்டேன், பாவம் அவர். கிரவுண்ட் லூப்தான், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே சுற்றி ஓடும் மின்சாரம். இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகியதும் குறைந்தது, டெஸ்க்டாப்புக்கு மாறி ஆப்டிகல் கேபிளில் டாக்கை (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) இணைத்ததும் சுத்தமாகப் போய்விட்டது. அந்தக் கேபிளில் ஒளிதான் போகும், மின் இணைப்பே கிடையாதே.

புதுக்காது:
நன்றி. இதே ஆம்பில் 16 ஓம் இயர்போனும் போடலாமா?

ஈயப்பற்று:
போடலாம். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியீட்டு மின்தடை) 2 ஓமுக்குள் இருக்கட்டும், இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்கு என்பது கணக்கு. கெயினை (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அமைப்பு) குறைந்ததில் வையுங்கள், இல்லையென்றால் குமிழைத் தொட்டதுமே அலறும், அந்த அடி நிலையில் இடது காதும் வலது காதும் சமமாகவும் கேட்காது. ஹெட்போனைக் கழற்றி இயர்போனை மாட்டும் முன் குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள், நான் ஒரு தடவை மறந்தேன்.