கலைச்சொல் வேண்டும்: மணமகனின் தோழர் விருந்தில் சொல்லும் ‘டோஸ்ட்’

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விருந்துகளில் பேசுவது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். திருமணத்துக்கு முன் மணமகனுக்கு நண்பர்கள் அளிக்கும் விருந்தில், நெருங்கிய தோழன் எழுந்து சில நிமிடங்கள் பேசிக் கோப்பையை உயர்த்த, மற்றவர்களும் உடன் உயர்த்திப் பருகும் வழக்கத்தை ‘டோஸ்ட்’ என்கிறார்கள். அதை எழுதும் முறைக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. ‘வாழ்த்துரை’ என்று எழுதிப் பார்த்தேன். மேடையில் தலைவர் ஆற்றும் உரையோடு கலந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பெயராகவும் வினையாகவும் புழங்கும் சொல் ஒன்றைத் தந்து உதவுங்கள்.

மறுமொழி 1

‘ஏந்துவாழ்த்து’ எனலாம். கோப்பை ஏந்திச் சொல்லும் வாழ்த்து என்பது பொருள். ‘ஏந்தி வாழ்த்தினான்’ என வினையும் எளிதில் அமையும். மதுவில் வாட்டிய ரொட்டித் துண்டை இட்டுப் பருகிய பழைய வழக்கத்திலிருந்து ஆங்கிலச் சொல் பிறந்தது. அந்த ரொட்டியை நாம் தமிழில் சுமக்க வேண்டியதில்லை.

மறுமொழி 2

ஐயா, ‘ஏந்துவாழ்த்து’ வினைத்தொகையாக நிற்காது. வினைத்தொகை என்பது காலம் மறைந்து நிற்கும் பெயரெச்சமே. பெயரெச்சம் கொள்ளும் பெயர்களைத் தொல்காப்பியர் நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை என ஆறாக வகுக்கிறார். ஏந்தப்படுவது கோப்பை, ஏந்துபவன் தோழன். வாழ்த்து இவற்றுள் எதிலும் அடங்கவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியலில் ‘வாயுறை வாழ்த்து’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? வேம்பும் கடுவும் போன்ற வெஞ்சொல்லாயினும் பின்னர் நன்மை பயப்பது என்று அதற்கு இலக்கணம் சொல்லப்பட்டிருக்கிறது. மணமகனின் பழைய குறும்புகளைச் சொல்லிச் சீண்டிவிட்டு, முடிவில் நெஞ்சார வாழ்த்துகிற தோழனின் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கள்ளும் பாட்டும் நட்பும் ஒரே இடத்தில் கூடுவதைப் புறநானூற்றின் 235ஆம் பாட்டில் ஔவையாரே அதியமானைக் குறித்துப் பாடியிருக்கிறார். மரபு நம்மிடம் இருக்கிறது. பெயரை மட்டும் வெளியில் தேடுகிறோம்.

மறுமொழி 3

அந்தப் பாட்டு அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலை, அதாவது இரங்கற்பாட்டு, அம்மா. மணவிருந்துக்கு அதைச் சான்றாக்குவது பொருந்தாது. வாயுறை வாழ்த்து என்பதும் அறிவுறுத்தல். மணமகனுக்குப் புத்தி சொல்ல யாரும் கோப்பையை உயர்த்துவதில்லை.

எந்தச் சொல்லையும் ஒரு வரியில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். ‘ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள்; மணமகள் காதில் விழுந்தாலும் அவன் கூசாத நிகழ்ச்சியாக இருக்கட்டும்; பழைய காதலைத் தொடாதீர்கள்’ என்பது போன்ற அறிவுரைகள்தாம் அந்த இயலில் இருக்கும். அங்கே ‘வாயுறை வாழ்த்து’ என்று வந்தால், நாளை மறுநாள் நண்பனுக்காகப் பேச வேண்டிய இளைஞன் அகராதியைத் தேடிப் போவான். ‘கோப்பை வாழ்த்து’ என்றால் படித்த கணமே விளங்கும்.

மறுமொழி 4

‘கோப்பை’ போர்ச்சுகீசியத்தின் வழி வந்தது என்பர். ‘கிண்ணவாழ்த்து’ என்பதே தூய்மை. ‘மரவேர்’ போல இறுதி ‘ம்’ கெட்டுப் புணரும். கிண்ணங்கள் மோதும் ‘கிண்’ என்னும் ஒலியே அதன் வேர் என்பது என் துணிபு. ஆநிரை கவர்ந்த வீரர் கள்ளுண்டு மகிழ்வதைப் பாடும் ‘உண்டாட்டு’ என்னும் வெட்சித்துறையையும் நினைத்தேன். ஆனால் அதில் கள் இருக்கிறது. பழச்சாறோ தண்ணீரோ ஏந்துபவருக்கும் இந்தச் சொல் இடம் தர வேண்டும்.

மறுமொழி 5

மேசையும் சன்னலும் அலமாரியும் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவையே; அவற்றை வீட்டைவிட்டு வெளியேற்றவில்லையே! கிண்ணம் என்றால் இன்று குழம்பு ஊற்றும் பாத்திரம்தான் பலருக்கும் நினைவில் வருகிறது. என் வாக்கு ‘கோப்பை வாழ்த்து’க்கு.

கேட்டவரின் மடல்

அனைவருக்கும் நன்றி. பெரும்பான்மையோர் கருத்தை ஏற்று, பெயருக்குக் ‘கோப்பை வாழ்த்து’ என்றும் வினைக்குக் ‘கோப்பை உயர்த்தி வாழ்த்துதல்’ என்றும் எழுதுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘டோஸ்ட்’ என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மறுமொழி 2 எழுதியவர்

அச்சுக்குப் போகும் முன் என் மறுப்பைப் பதிந்துவைக்கிறேன். கடவுள் வாழ்த்தில் வாழ்த்தப்படுபவர் கடவுள். தமிழ்த்தாய் வாழ்த்தில் தமிழ்த்தாய். மணமக்கள் வாழ்த்தில் மணமக்கள். வாழ்த்துக்கு முன் நிற்கும் பெயர் வாழ்த்துப் பெறுவதைக் குறிப்பதே நம் வழக்கு. அப்படியானால் கோப்பை வாழ்த்தில் வாழ்த்துப் பெறுவது எது? ‘வாயுறை’ வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். ‘கோப்பையுரை’ என்றாவது மாற்றுங்கள். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.